விருந்தாளிகளுக்கு வைத்த முகமூடிகள்

மடுல்கெல்லையிலிருந்து தும்பறைப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் சரிவில் எங்கள் தோட்டம் இருந்தது. மேலே தேயிலை. கீழே, மழை குறைந்த பக்கத்தில், முந்திரிகை. திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். கண்டிப் பக்கத்தில் திராட்சையா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். திராட்சை இருந்தது, அதிலிருந்து நுரை பொங்கும் வைனும் செய்தார்கள். செய்தவர்களில் நானும் ஒருத்தி, என் மதினியும் ஒருத்தி.

தோட்டத்துச் சொந்தக்கார வெள்ளைக்காரத் துரை பெரிய யுத்தத்துக்குப் போய்ப் பிரான்சில் கிடந்தவர். அங்கே ஏதோ ஓர் ஊரில், நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வைன் போத்தல்களை அடுக்கியிருந்தார்களாம். மேலே குண்டு விழுந்துகொண்டிருக்க, அந்தப் போத்தல்களுக்கு நடுவில் இவர் ஒளிந்து கிடந்தாராம். உயிர் தப்பினால் நானும் இப்படி ஒன்று கட்டுவேன் என்று அங்கேயே நினைத்துக்கொண்டாராம். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இங்கிலீசு தெரிந்த மேற்பார்வையாளர் அதை எங்களுக்குச் சொன்னபோது நாங்களும் பாவம் என்றுதான் நினைத்தோம். நிலத்துக்கு அடியில் பயந்து நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த மனுசன் அவர். தெரிந்திருந்தும் அப்படிச் செய்தாரே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

முந்திரிகைக் கொடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. கொடியோடு அந்த மேற்பார்வையாளரும் வந்தார். யாழ்ப்பாணத்து ஐயா என்று கூப்பிடுவோம். நல்ல மனுசன், ஆனால் துரைக்கு முன்னால் குரல் எழும்பாது. முதல் சில வருசங்கள் கொடியோடு மல்லுக்கட்டியே போயின. மழை அடித்தால் இலையில் பூஞ்சணம் பூக்கும், காய் அழுகும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்துத் தெளித்து எங்கள் கையும் சேலையும் நீலமாகிவிடும். சோறு ஆக்கினால் அதிலும் அந்த வாடை. பிறகு, காய்கிற மாதங்களில் பழம் வருகிற மாதிரிக் கொடியை வெட்டிப் பழக்கினார்கள். அப்புறம்தான் குலை ஒழுங்காகப் பிடித்தது.

முதல் அறுவடையில் பழம் நன்றாக இனிப்பதற்கு முன்பே பறிக்கச் சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை.

“ஏன் ஐயா, இன்னும் புளிக்குதே? இப்பவே பறிக்கச் சொல்றீங்க?”

“இனிச்சாப் பிறகு பறிச்சா இந்த வைனுக்குச் சரிவராது, பிள்ளை. புளிப்பு நிக்க வேணும் எண்டு பிரெஞ்சுக்காரர் சொல்லுறார்.”

வைன் செய்யத் தெரிந்த ஒரு பிரெஞ்சுக்காரரைத் துரை கப்பலில் வரவழைத்திருந்தார். ஒல்லியான ஆள். எங்கள் பாசையும் தெரியாது, இங்கிலீசும் அரைகுறை. ஆனால் கையைக் காட்டியே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுவார். பிழிந்த சாற்றை முதலில் மரப் பீப்பாயில் புளிக்க விடுவார்கள். அது அடங்கித் தெளிந்ததும் சீனிப் பாகும் ஈஸ்டும் கலந்து, தடித்த கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, தக்கையை இரும்புக் கவ்வியால் இறுக்கிப் பூட்டுவார்கள். போத்தலுக்குள் அது இன்னொரு தடவை புளிக்கும். அப்போது உண்டாகிற காற்று வெளியே போக வழியில்லாமல் வைனுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். போத்தலைத் திறக்கும்போது பொங்குகிற நுரை அதுதான். அப்படி அடைத்த போத்தல்களை மலையைக் குடைந்து வெட்டிய குகையில் படுக்க வைப்பார்கள். பாறையில் நீர் கசிந்துகொண்டே இருப்பதால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும்.

பெண்களுக்கு வேலை அதற்குப் பிறகு. புளித்து முடிந்ததும் போத்தலின் வயிற்றில் வண்டல் படிந்துவிடும். அதை வாய்ப்பக்கம் கொண்டுவர வேண்டும். கூரை போல இரண்டு பக்கமும் சாய்த்து நிறுத்திய துளைப் பலகைகளில் போத்தல்களின் கழுத்தைச் செருகி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் தினமும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் தலைகீழாகச் சரித்து வைக்க வேண்டும். வாரக் கணக்கில் இதையே செய்தால் போத்தல் தலைகீழாக நிற்கும், வண்டல் தக்கையில் வந்து உட்காரும். பிறகு தக்கையைத் திறந்து வண்டலைப் பீறிட விட்டு, குறைந்ததை நிரப்பி, புதுத் தக்கை அடைத்துக் கம்பி கட்டுவார்கள். பலகைக்கு முன்னால் குனிந்து நின்று, இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். முகம் போத்தலுக்கு நேரே இருக்கும்.

போத்தல் வெடிக்கும். கண்ணாடியில் ஒரு சின்னக் குறை இருந்தால் போதும், கொஞ்சம் சூடு ஏறினால் போதும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும். பிரெஞ்சுக்காரர் இதை முதல் நாளே எங்களுக்குக் காட்டித் தந்தார். கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் ஓடிய தழும்பைத் தொட்டுக் காட்டினார். அவர் ஊரிலிருந்து இரண்டு கம்பி வலை முகமூடிகளைக் கொண்டுவந்திருந்தார். முகமூடி இல்லாமல் யாரையும் குகைக்குள் விடமாட்டார். ஒன்று அவருக்கு, மற்றது எங்களில் ஒருத்திக்கு. மாறி மாறிப் போட்டுக்கொண்டு போவோம். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் யாருக்கும் ஒரு கீறல் கூட விழவில்லை.

காய்ச்சல் வந்து அவர் நொந்துபோனார். உடம்பு தேறியதும் கப்பலேறிவிட்டார். முகமூடிகளை எங்களுக்காக விட்டுவிட்டுப் போனார். எங்களுக்காகத்தான் விட்டுவிட்டுப் போனார் என்று அழுத்திச் சொல்கிறேன். போகிற அன்றைக்கு அவற்றை என் மதினியின் கையில்தான் கொடுத்தார்.

அடுத்த வாரமே அவை பங்களா வராந்தாவின் சுவரில் தொங்கின. துரை விருந்தாளிகளைக் குகைக்குக் கூட்டிக்கொண்டு வருவார். சீமாட்டிகள் முகமூடியை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், முகத்தில் ஒன்றும் இல்லாமல், நாங்கள் போத்தல் திருப்பிக்கொண்டிருப்போம்.

மதினி என் அண்ணன் பெண்சாதி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவளைப் போலச் சிரிக்கிறவள் கிடையாது. இரண்டு பிள்ளைகள். என்னை ‘புள்ள’ என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் இருவருக்கும் குகைக்குள் ஒரே பலகையில் எதிரெதிர்ப் பக்கம்.

அந்த வருசம் துரை சீனியைக் கூட்டிப் போடச் சொன்னார். போன தடவை கண்டியில் நடந்த விருந்தில், வைனில் நுரையே இல்லை என்று கூட்டாளிகள் கேலி செய்துவிட்டார்களாம். நுரை இல்லாவிட்டால் அவருக்கு மரியாதை இல்லை. சித்திரை வெயிலில் குகையின் வாய்ப்பக்கம்கூடச் சூடாக இருந்தது. காலையில் போனால் தரையெல்லாம் கண்ணாடி. கூட்டி அள்ளிவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

“ஐயா, பயமா இருக்கு. அந்த ரெண்டு மூடியையாவது வாங்கித் தாங்க,” என்று மதினி யாழ்ப்பாணத்து ஐயாவிடம் கேட்டாள்.

“கேட்டுப் பாக்கிறன், பிள்ளை,” என்றார்.

கேட்டாரோ, கேட்கவில்லையோ. முகமூடி வரவில்லை. நாங்கள் சேலைத் தலைப்பை முகத்தில் சுற்றிக்கொண்டு போனோம்.

அன்றைக்கு மதினி பிள்ளைக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிச் சொல்லில் வெடித்தது. ஒன்றில்லை, வரிசையாக. காது அடைத்துப்போனது. விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் நுரை பொங்குகிற சத்தம் மட்டும். நான் கத்திக் கத்திக் கூப்பிட்டேன். அவள், “புள்ள, எனக்குக் கண்ணு தெரியல, வெளிச்சத்துக்குக் கூட்டிட்டுப் போ,” என்று சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள். வெளியே கொண்டுவந்த பிறகுதான் பார்த்தேன். வலது கண் இருந்த இடத்தில் ரத்தமும் வைனும் சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது.

பங்களா முற்றத்தில் துரையின் கார் நின்றது. நானும் இன்னொருத்தியுமாக மதினியைத் தாங்கிக்கொண்டு போய் நின்றோம்.

“தொரைய கேக்காம எடுக்க ஏலாதும்மா,” என்றான் சாரதி.

“அப்ப கேளுங்க!”

“குளிக்கிறாரு.”

காத்திருந்தோம். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மனுசியின் கண் வழிந்துகொண்டிருக்கும்போது இன்னொரு மனுசன் குளித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். கடைசியில் யாழ்ப்பாணத்து ஐயா ஓடிவந்து, வெற்றுப் போத்தல் ஏற்றிய லொறியைக் காட்டி, “உதில ஏத்துங்கோ! நான் வாறன்!” என்று கத்தினார். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அவர் சத்தமாகப் பேசிக் கேட்டேன். கண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போத்தல்கள் கலகலவென்று குலுங்கிக்கொண்டே வந்தன. மதினி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, “அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லு புள்ள,” என்று மட்டும் கெஞ்சினாள்.

டொக்டர் நல்லவர். மற்றக் கண்ணைக் காப்பாற்றினார். வலது கண்ணை எடுத்துவிட்டார்.

மறுநாள் நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது துரை குகை வாசலில் நின்றார். அவருக்குத் தோட்டத் தமிழ் கொஞ்சம் வரும். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“எத்தனை போத்தல் போச்சு?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். பிறகுதான், “அந்தப் பொம்பிளை எப்படி?” என்றார். நான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, “வேலை நேரம் பேச்சு. பேச்சு கூடாது,” என்றார். பேசியதால் போத்தல் வெடித்ததாம். அதையேதான் அவர் எல்லோருக்கும் சொல்லி வைத்தார். கணக்கப்பிள்ளை அதை எங்களிடம் திருப்பிச் சொன்னார். தோட்டத்தில் சில பேர் அதை நம்பவும் செய்தார்கள். என் மதினியின் காதுபடவே, வாயாடிக்கு வந்த வினை என்று பேசினார்கள்.

முகமூடிகளைத் தாருங்கள் என்று இந்தத் தடவை நானே போய்க் கேட்டேன்.

“அது விருந்தாளிக்கு,” என்றார் துரை.

அன்றைக்கு எனக்குள் எழும்பிய கோபம் எனக்கே புதிது. அதுவரைக்கும் நான் பயந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், குகையில் வேலை செய்கிற இன்னும் இரண்டு பெண்களோடு மடவளைக்குப் போனேன். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகரவேலைக்கார நானா இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். புனல், விளக்கு, சல்லடை எல்லாம் செய்வார். விசயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டார்.

“யா அல்லாஹ்! கண்ணு போன பொறகும் குடுக்கல்லியா?”

“விருந்தாளிக்குன்னு சொல்லிட்டாரு, நானா.”

“நான் செஞ்சி தாரன் மகள். நெல்லுச் சலிக்கிற சல்லடைக்கிப் போடுற கம்பி இரிக்கி, நல்ல தடிப்பம். இப்புடி வாங்க, ஒங்கட மூஞ்சிக்கி அளவெடுக்கணும்.”

தென்னோலைக் கீற்றால் என் முகத்தை அளந்தார். உள்ளேயிருந்து அவர் பெண்சாதி வந்து, கம்பி விளிம்பு கன்னத்தைக் கிழிக்கும் என்று சொல்லி, சுற்றிலும் துணி வைத்துத் தைத்துத் தந்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த காசில் கம்பிக்கானதை மட்டும் நானா வாங்கிக்கொண்டார். ஆளுக்கொன்றாகச் செய்த அந்த முகமூடிகள் பார்க்க அவலட்சணமாகத்தான் இருந்தன. மண்ணெண்ணெய்த் தகரத்தில் சட்டம், நடுவில் சல்லடை, பின்னால் கயிறு. மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதினிக்குக் காயம் ஆறியதும் போத்தல் கழுவுகிற இடத்தில் வேலை போட்டார்கள். குகைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் முகமூடியோடு உள்ளே போவதைத் தொட்டியடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழைக்கு முன்னால் துரை ஒரு பெரிய விருந்து வைத்தார். கண்டியிலிருந்து கார் காராக வந்தார்கள். வழக்கம் போல இரண்டு சீமாட்டிகள் அந்த நல்ல முகமூடிகளை மாட்டிக்கொண்டு சிரித்தபடி முன்னால் வந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில், பலகைகளுக்கு முன்னால், தகர முகத்தோடு நாங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் ஒருத்தி வீல் என்று கத்திவிட்டாள்.

துரையின் முகம் சிவந்துபோனது.

“கழட்டு,” என்றார்.

யாரும் அசையவில்லை.

“கழட்டு! எல்லாம் கழட்டு!”

“கழட்ட மாட்டோம் தொரை,” என்றேன். முகமூடிக்குள் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. “இருக்கிற கண்ணாவது எங்களுக்கு வேணும்.”

அவர் என்னை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வந்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். அப்போது விருந்தாளிகளுக்குப் பின்னால் ஏதோ சலசலப்பு. மதினி உள்ளே வந்துகொண்டிருந்தாள். கழுவுகிற இடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், கையெல்லாம் ஈரம். அந்தக் குகைக்குள் வரவே மாட்டேன் என்றவள். சீமாட்டிகளுக்கு முன்னால் வந்து நின்று, கண்ணில் கட்டியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்தாள்.

“நல்லாப் பாத்துக்கங்கம்மா,” என்றாள். “இதுக்குத்தான் அவுக மூடி போட்டிருக்காக.”

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கத்திய சீமாட்டி முகமூடியைக் கழற்றினாள். மதினியிடம் ஏதாவது சொல்வாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவள் துரையின் கையைப் பிடித்துக்கொண்டு, காற்று வேண்டும் என்கிற மாதிரி வாயிலைக் காட்டினாள். எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் புல்தரையில் தக்கை பறக்கிற சத்தமும், அதற்குக் கைதட்டுகிற சத்தமும் குகைக்குள் வந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் மதினியின் தோள் துள்ளியது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் குகையில் வேலை செய்த எல்லோருக்கும் பற்றுச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் உனக்கு இடமில்லை, போ என்பதற்கு அதுதான் காகிதம். அண்ணன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. அவனுக்கும் கொடுத்தார்கள். நாங்கள் பிறந்த லயத்தை விட்டு, சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினோம். யாழ்ப்பாணத்து ஐயா ரோட்டுமுனை வரைக்கும் வந்தார். “நான் முந்தியே கதைச்சிருக்க வேணும்,” என்றார். ஓம், கதைத்திருக்க வேண்டும். நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. பாவம் பார்க்க எனக்கு அன்றைக்கு மனம் இருக்கவில்லை, இன்றைக்கும் முழுசாக இல்லை.

கட்டுகஸ்தோட்டையில், மரம் அறுத்து விற்கிற ஒரு மரக்காலையில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் எழுத வாசிக்கப் படித்திருந்தேன். அதனால் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக்கொடுக்க என்னை எடுத்தார்கள். மதினி வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து மடவளை நானாவைச் சந்தையில் கண்டேன். என்னைக் கண்டதும் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

“மகள், தெரியுமா? ஒங்கட தொரை எனக்கிட்ட ஆள் அனுப்பினாரு!”

நடந்தது இதுதான். எங்களைத் துரத்திவிட்டுத் துரை கொழுந்து பறிக்கிற பெண்களைக் குகைக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மூடி தந்தால் போகிறோம், இல்லாவிட்டால் எங்களுக்கும் சீட்டைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை பேருக்குத்தான் சீட்டுக் கொடுப்பார்? போத்தல்கள் திருப்ப ஆளில்லாமல் கிடந்தன. கடைசியில் ஆளுக்கொரு முகமூடி செய்யச் சொல்லி நானாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, “நல்லது புள்ள,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “சுவத்துல சும்மாதானே தொங்கிச்சு,” என்றாள். பிறகு முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கண் போனதற்கு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த வைன் நீண்ட காலம் ஓடவில்லை. ஒரு வருசம் மழை விடாமல் பெய்து கொடி முழுக்கப் பூஞ்சணம் விழுந்துவிட்டதாம். பிடுங்கி எரித்துவிட்டுத் தேயிலை வைத்தார்கள். துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போகப் போகிறார் என்று கேள்விப்பட்டோம்.

அதற்குச் சற்று முன்னால்தான் கண்டிச் சந்தையில் அவரைக் கண்டோம். மதினி கருவாட்டுக் கடையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் எங்களைக் கடந்துபோன ஒருவர் திரும்பி நின்றார். நரைத்துப் போயிருந்தார். மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. எதையோ சொல்ல வாயெடுத்தார். ஒரு சொல், அவருடைய உடைந்த தமிழில் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்று இருந்தது எனக்கு. அவர் சொல்லவில்லை. காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு வெள்ளிக் காசை எடுத்து அவளிடம் நீட்டினார்.

மதினி நிமிர்ந்து அந்தக் காசைப் பார்த்தாள்.

“நாங்க பிச்ச எடுக்க வரல, தொரை,” என்றாள். “கருவாடு வாங்க வந்தோம்.”

அவர் கை அப்படியே நின்றது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு நோவு தெரிந்தது. நல்லது செய்ய வந்த இடத்தில் அவமானப்பட்டவரின் நோவு. காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து கூட்டத்துக்குள் போய்விட்டார். துரை பாவம், உடைந்துபோய்விட்டார் என்று பிற்பாடு யார் யாரோ என்னிடம் சொன்னார்கள். இருக்கலாம். சந்தை நடுவில் நின்று, தனக்கு வலிக்கிறது என்கிற மாதிரி என் மதினியைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை நான் மன்னிக்கவில்லை.